திருகோணமலையில் மான் பார்க்க எந்த இடம், எந்தக் காலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீரூற்றில் குளித்து, நிலாவெளியில் கால் நனைத்த பிறகு விசாரிப்பது மான்களைத்தான். கமராவோடு வரும் உறவினரையும் நண்பரையும் கூட்டிக்கொண்டு திரியும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால் ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாய்களில் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். தண்ணீர், புல், நிழல், மரத்தடியில் விழும் பழம் ஆகிய நான்கும் அந்த மாதத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் மானும் அங்கேதான் நிற்கும். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

அண்ணை, இங்க மான் வேட்டைக்குச் சீசன் எப்ப? லைசன்ஸ் எங்க எடுக்கிறது?

சீசனும் இல்லை, லைசன்ஸும் இல்லை. கனடாவிலிருந்து வரும் எங்கட ஆக்கள் இதைக் கேட்பார்கள். அங்கே லைசன்ஸ் எடுத்து, குறித்த காலத்தில் மான் சுடலாம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2009இல் அதைத் திருத்தித் தண்டனைகளையும் கூட்டினார்கள். புள்ளிமானையோ மரையையோ சுடுவதும், சுருக்கு வைப்பதும், இறைச்சியை விற்பதும் குற்றம். "காட்டு இறைச்சி இருக்கு, வேணுமா?" என்று யாராவது காதோடு கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆனால் பழைய வேட்டைக்காரர் இடம் பார்த்த கலை கமரா பிடிக்கிறவருக்கு அப்படியே உதவும். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, எந்த மரம் பழுத்திருக்கிறது, காலடி புதிதா பழையதா என்பதையெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். நாமும் அவற்றைத்தான் பார்க்கப்போகிறோம்.

கோட்டைக்குள்ள மட்டும்தான் மான் நிக்குமா, டவுனுக்குள்ளயும் வருமா?

இரண்டிலும் நிற்கும். பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையின் இரு பக்கமும் பெரிய மரங்கள். ஆலமரத்தடிகளில் பத்து இருபதாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். 1624இல் போர்த்துக்கேயர் கட்டி, பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்ட கோட்டை இது. இப்போது உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. வாசலில் காவல், உள்ளே கோயில், மூன்று பக்கம் கடல் என்று இருப்பதால் துவக்கோடு யாரும் நுழைய வழியில்லை. மான்கள் பயம் தெளிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கோட்டைக்கு வெளியே மக்கெய்சர் மைதானப் பக்கம், டச் பே கடற்கரை ஓரம், பஸ் நிலையத்தைச் சுற்றிய வீதிகள் என்று இவை அலையும். ஓட்டோக்களுக்கு நடுவே கொம்போடு ஒன்று வீதி கடப்பதைப் பார்த்துக் கொழும்புக்காரர் வாய் பிளப்பார்கள், ஊர்க்காரர் ஹோர்ன்கூட அடிக்கமாட்டார்கள். சிவபெருமான் கையில் மான் ஏந்தியவர் என்பதால் கோயில் வாசலில் மான் நிற்பதைப் பக்தர்கள் தங்கள் மனப்படி வாசித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை.

காலமையா, பின்னேரமா? மத்தியானம் வந்தா ஒண்டும் தெரியாதா?

விடிந்து இரண்டு மணித்தியாலமும், பொழுதுபட முன்னர் இரண்டு மணித்தியாலமும் மேயும் நேரம். நடுப்பகலில் நிழலில் படுத்துவிடும். நகர மான்கள் மத்தியானமும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் படுத்துக் கிடப்பதைத்தான் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும். படம் எடுக்கிறவருக்குப் போதாது. மரத்தடிக்குக் கீழே வெயில் பொட்டுப்பொட்டாக விழும். மானின் உடம்பிலும் பொட்டு, தரையிலும் பொட்டு என்று படம் குழம்பிப்போகும்.

வெள்ளிக்கிழமையும் விசேட நாள்களும் கோயிலுக்குச் சனம் அதிகம். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் வேறு நாளில் வாருங்கள்.

எந்த மாசம் வந்தா நல்லது? டூர் கொம்பனிக்காரர் எல்லாரும் மே முதல் செப்டம்பர் எண்டுதான் சொல்லுறாங்கள்.

அவர்கள் சொல்வது கடலுக்கான கணக்கு. மானுக்கு வருடத்தை வேறு மாதிரிப் பிரிக்க வேண்டும்.

ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகை, மார்கழியில் கொட்டும். எங்கு பார்த்தாலும் புல், பள்ளமெல்லாம் தண்ணீர். மான் ஓரிடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கூட்டம் கலைந்து போகும். காட்டில் தேடுகிறவருக்கு இது மோசமான காலம். கோட்டைக்குள் அப்படியில்லை, கூட்டம் எல்லையைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. மழை விட்ட ஒரு காலையில், கழுவின பச்சைக்கு முன்னால், ஈரத்தில் கறுத்த முதுகில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று நிற்கும். என்னைக் கேட்டால் கோட்டை மானுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. குடையும் கமராவுக்கு ஒரு பொலித்தீன் உறையும் போதும், உறையைத் திரும்பக் கொண்டுபோக மட்டும் மறக்க வேண்டாம்.

மாசி, பங்குனியில் மழை குறைந்துவிடும், புல் மட்டும் இருக்கும். உடம்பு தேறிய மான்களைப் பார்க்கலாம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கும். மேற்கே காய்ந்த தரைக்கு மேலால் வருகிற சூட்டுக் காற்று அது, தொடர்ந்து அடித்தால் புல் கருகும். அந்தக் காலத்தில்தான் பாலை, வீரை மரங்கள் பழுக்கும். பழம் கொட்டும் ஒரு பாலை மரத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் உங்கள் இடம். மான், கரடி, குரங்கு எல்லாம் அந்த மரத்தடியைத் தேடி வரும்.

ஆடியிலிருந்து புரட்டாதி வரை காட்டில் தண்ணீர் சுருங்கும். குளங்கள் வற்றி, அடித்தரையில் புதுப்புல் முளைக்கும். தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் கூட்டம் அங்கே குவியும். காட்டு மானுக்கு இதுவே உச்சக் காலம். அதே மாதங்களில் நகரத்து மான்கள் புல் இல்லாமல் குப்பைத்தொட்டிப் பக்கம் இறங்கும். அந்தக் கோலத்தில் அவற்றைப் பார்க்க எனக்கு மனம் வராது.

காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு பாக்கச் சொல்லுறீங்கள். அது வேட்டைக்காரருக்குத்தானே?

மானுக்குக் கண்ணைவிட மூக்கு வலிது. உங்கள் வாசம் அதன் பக்கம் போனால் எவ்வளவு ஒளிந்திருந்தும் பயனில்லை. ஆகவே காற்று மானிலிருந்து உங்களை நோக்கி வரவேண்டும். கோட்டை மான்கள் மனித வாசத்திலேயே வளர்ந்தவை, அவற்றுக்கு இது பெரிதில்லை. காட்டோரத்து மானுக்கு இதுதான் எல்லாம்.

கரையோரத்தில் காற்றோடு வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். கிழக்கில், கடல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், காலை வெயில் பின்னாலிருந்து மானின் மேல் விழும். காற்றும் வெளிச்சமும் ஒருமித்து உதவும் காலம் அது. ஆகவே கச்சான் காலத்தில் காலையில் போங்கள். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் நீங்கள் மேற்கே நிற்க வேண்டும். காலையில் அப்படி நின்றால் சூரியன் கண்ணுக்கு நேரே இருக்கும். அந்த மாதங்களில் பின்னேரம்தான் சரி. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று கிளம்பி இந்தக் கணக்கைக் குழப்புவதும் உண்டு. கொஞ்சம் மண்ணைக் கிள்ளித் தூவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுக் கலர் உடுப்புத்தான் போடவேணுமா? எனக்கிட்ட சிவப்பு ரீசேட்தான் இருக்கு.

சிவப்பு பரவாயில்லை. மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் உணரிகள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. சிவப்பும் செம்மஞ்சளும் அதற்கு மங்கலாகவே தெரியும், நீலம் நன்றாகப் பிடிபடும். மேலைநாட்டு வேட்டைக்காரர் ஒருவரையொருவர் சுட்டுவிடாமலிருக்க செம்மஞ்சள் அங்கி போட்டும் மானிடம் தப்பிக்கொள்வது இதனால்தான். நீல ஜீன்ஸைவிடச் சிவப்பு ரீசேட் நல்லது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எப்படியும் நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். கையை வீசாமல், மெதுவாக, நேராக மானை நோக்காமல் சற்றுச் சாய்வாக நடந்து போங்கள்.

பிள்ளைகள் பணிஸ் குடுக்க ஆசைப்படுகினம். கிட்டப் போய்த் தொடலாமா?

பணிஸும் வேண்டாம், முறுக்கும் வேண்டாம். மான் அசைபோடும் விலங்கு, அதன் வயிறு இலை தழைக்கு ஏற்றது. மா உணவு அதிகமானால் வயிறு புளித்துக் கெட்டுப்போகும். அதைவிட மோசம் உறை. சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும், மான் அதை அப்படியே விழுங்கும். பொலித்தீன் முதல் இரைப்பையில் உருண்டையாகத் தங்கிவிடும், வெளியே வராது. வயிறு நிறைந்த மாதிரித் தோன்ற, மான் பட்டினியில் மெலிந்து சாகும்.

தொடவும் வேண்டாம். தீனிக்குப் பழகிய ஆண்மான் இரண்டாவது வாய் கிடைக்காவிட்டால் தலையைக் குனியும். முற்றிய கொம்பு ஒவ்வொன்றிலும் மூன்று கூர் இருக்கும், அது பிள்ளையின் முகத்துக்கு நேர் உயரம். புல்லில் உண்ணியும் இருக்கும். திரும்பி வந்து பிள்ளைகளின் கால், இடுப்பு எல்லாம் ஒருதரம் பாருங்கள்.

கொம்பு இல்லாதது எல்லாம் பெண்தானே?

இல்லை. ஆணுக்கு மட்டும்தான் கொம்பு முளைக்கும், ஆனால் ஆண்டுக்கொருமுறை அது விழுந்து மறுபடி முளைக்கும். விழுந்த புதிதில் ஆணும் மொட்டைத் தலையோடு திரியும். கழுத்துத் தடிப்பையும் முகக் கறுப்பையும் பார்த்து அடையாளம் காணலாம். புதுக் கொம்பு வளரும்போது மயிர் படர்ந்த மென்தோல் மூடியிருக்கும், உள்ளே இரத்தம் ஓடும், இடித்தால் வலிக்கும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரிக்கும். நாராகத் தொங்கும் தோலோடு ஆண்மான் நிற்பதைப் பார்த்து, "ஐயோ காயம்" என்று பதறுவோர் உண்டு. அது காயமில்லை.

குளிர்நாட்டு மான்களைப் போல இவை எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பு போடுவதில்லை. ஒரே கூட்டத்தில் மொட்டை, மென்தோல், முற்றிய கொம்பு என்று மூன்றையும் ஒரே காலையில் பார்க்கலாம். "கொம்புக்கு எந்த மாசம்?" என்ற கேள்விக்கும் இதுதான் பதில்.

சார், கோயில் மான் பார்த்தாச்சு. ரியல் காட்டுல பார்க்கணும்னா எங்க போகணும்?

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்டது. ஹபரணைப் பாதையில் போனால் கவுடுல்லைத் தேசியப் பூங்கா. 2002இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்தது மின்னேரியா. இரண்டுமே குளத்தைச் சுற்றிய காடுகள். மேலே சொன்ன ஆடி முதல் புரட்டாதி வரையான காலம்தான் இங்கும். யானைக் கூட்டத்துக்காகச் சனம் குவிவதும் அப்போதுதான், காரணமும் ஒன்றே: வற்றிய குளத்தின் புதுப்புல். மழைக்காலத்தில் அந்தப் புல்தரை தண்ணீருக்குக் கீழே போய்விடும்.

மகாவலி வெள்ளச் சமவெளியிலுள்ள சோமாவதியப் பூங்காவின் ஒரு பகுதி எங்கள் மாவட்டத்துக்குள் வருகிறது. முதல்தடவை வருகிறவருக்கு நான் கவுடுல்லையைத்தான் சொல்வேன். போகும் வழியில், குளக்கோட்டன் கட்டியதாக நம்மவர் சொல்லும் கந்தளாய்க் குளக்கட்டில் தேத்தண்ணி குடிக்க ஒரு சாக்கும் கிடைக்கும்.

ஜீப்காரர் யானைய மட்டும் காட்டித் திருப்பிக் கொண்டந்து விட்டுட்டார். மானுக்கு என்ன சொல்லிக் கேக்கிறது?

ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "எங்களுக்கு யானை அவசரமில்லை, காடும் புல்லும் சேருற இடத்தில நிப்பாட்டுங்கோ." புள்ளிமான் நடுக்காட்டையும் விரும்பாது, திறந்த வெளியின் நடுவையும் விரும்பாது. மேய வெளி, ஓட மறைப்பு, இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அந்த ஓரத்தில் என்ஜினை நிறுத்தி அரை மணித்தியாலம் பேசாமல் இருங்கள்.

அடுத்தது மந்திகளைத் தேடுங்கள். மந்தி மரத்தில் தின்னும்போது பாதியைக் கீழே சிந்தும், மான் அதைப் பொறுக்கும். மேலேயிருந்து சிறுத்தையைக் கண்டு மந்தி கத்தினால் கீழே மான் காதை நிமிர்த்தும். மான் முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி, கூர்மையாக ஒரு சத்தம் போட்டால் அது பார்க்கும் திசையை நீங்களும் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்குச் சிறுத்தை யோகமும் இருக்கலாம்.

பூங்காக் காசு கூட. கந்தளாய்ப் பக்கம் ரோட்டில இறங்கி நாங்களே காட்டுக்க நடந்தா என்ன?

வேண்டவே வேண்டாம். முதல் காரணம் யானை. இரண்டாவது கட்டுத்துவக்கு: பன்றிக்கும் மானுக்கும் ஒற்றையடிப் பாதையில் கம்பி கட்டி வைப்பது. கம்பியில் யார் கால் பட்டாலும் வெடிக்கும். சட்டவிரோதமாக வேட்டையாடுகிறவர் நல்ல மான் பாதையில்தான் அதை வைப்பார், நீங்களும் நல்ல மான் பாதையைத்தான் தேடிப் போகிறீர்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கோட்டைக்கு இன்னொரு காலை போங்கள். அங்கே மான் பார்க்கக் கட்டணம் இல்லை.

குட்டி ஒண்டு புல்லுக்க தனியக் கிடக்குது, தாயைக் காணேல்லை. தூக்கிக்கொண்டு வரட்டா?

தொடாமல் விலகுங்கள். பிறந்த புதிதில் தாய் குட்டியைப் புல்லில் ஒளித்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்க மட்டும் வரும். நீங்கள் அங்கே நிற்கிற வரைக்கும் அது வராது. ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும், எளிதில் விட்டுப்போகாது. நாய்கள் சுற்றினால் நாயை விரட்டிவிட்டுத் தூரப் போங்கள். தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் கண்டால் மட்டும் அடுத்த பதிலில் உள்ள எண்ணுக்கு எடுங்கள்.

இரவு வாகனத்தில அடிபட்டுக் கிடந்தா என்ன செய்ய?

வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992. எடுத்து இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். வாகனங்களை விலக்கிவிடுங்கள், சனத்தைக் கூட்டவேண்டாம். பல பேர் சேர்ந்து துரத்திப் பிடித்தால் காயத்தில் சாகாத மானும் பயத்தில் தசை கெட்டுச் செத்துப்போகும்.

அடிபடாமல் ஓட்டுவது இன்னும் சுலபம். ஒன்று வீதியைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும். முதல் மான் போய்விட்டது என்று வேகம் கூட்டும்போதுதான் இரண்டாவது சில்லில் விழும்.

கோட்டையில டிரோன் விடலாமா?

முடியாது. அது இராணுவ முகாம். முகாம் கட்டடங்களையும் காவலரணையும் சேர்த்துப் படம் எடுக்கவும் வேண்டாம். ஆலமரத்தடி மானைக் கையில் பிடித்த கமராவால் எடுத்தாலே போதும்.

குப்பை தின்னுது, வாகனத்தில அடிபடுது எண்டுறீங்கள். எல்லாத்தையும் பிடிச்சுக் காட்டில கொண்டுபோய் விட்டா முடிஞ்சுதே?

பேச நல்லாயிருக்கும். பிடிப்பதிலேயே சில சாகும், காரணம் இரண்டு கேள்விக்கு முன்னர் சொன்னதுதான். தப்பியவை போய்ச் சேரும் காட்டில் சிறுத்தை உண்டு, சுருக்கு உண்டு. மனிதனைக் கண்டால் ஓடத் தெரியாத மான் சுருக்கு வைக்கிறவனிடம் தானே நடந்து போகும். அந்தக் காட்டில் ஏற்கெனவே இருக்கும் மான்களுக்கே ஆவணியில் புல் போதாது.

நகரத்திலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன: மூடியுள்ள குப்பைத்தொட்டி, வறட்சி மாதங்களில் தண்ணீர்த் தொட்டி, மான் கடக்கும் வீதிகளில் வேகத்தடை, தெருநாய்க் கட்டுப்பாடு. இவற்றைச் செய்து பார்க்காமல் இடமாற்றம் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உல்லாசப் பயணி என்ற முறையில் உங்கள் பங்கு சின்னது, லஞ்ச் சீற்றை வண்டியிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுபோவது.

விழுந்து கிடக்கிற கொம்பை எடுக்கலாமோ? அது தானா விழுந்ததுதானே, வேட்டை இல்லையே?

தானாக விழுந்தது உண்மைதான், ஆனால் பையைத் திறந்து பார்க்கும் பொலிஸுக்கு அது தெரியாது. சுட்ட மானின் கொம்பா, விழுந்த கொம்பா என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும். விமான நிலையத்தில் இன்னும் சிக்கல். அடிப்பாகத்தில் மண்டை ஓட்டு எலும்பு ஒட்டாமல் இருந்தால் உதிர்ந்தது என்று விடயம் தெரிந்தவர் கண்டுகொள்வார். அப்படிப்பட்டவர்தான் உங்களைச் சோதிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். அதிலுள்ள கல்சியத்துக்காக முள்ளம்பன்றி அதைக் கடித்துத் தின்னும், சில வேளை மான்களே கடிக்கும்.